உண்மை நகல்

தமிழ் டைப்ரைட்டரில்
மெய்யெழுத்துக்குப் புள்ளிதான் முதலில்.
அடித்தால் உருளை நகராது.
பிறகு எழுத்து. அதற்குத்தான் நகரும்.
முடிவை முன்னால் குத்திவிட்டுச்
சொல்லுக்குக் காத்திருக்கும் மெஷின்.
பத்தொன்பது வருஷம் அதில்
தாசில்தார் கோதண்டபாணியின் ஆணைகளை அடித்தேன்.

இப்போது அஸ்தம்பட்டியில் என் கடை.
கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், லேமினேஷன்.
அவர் நாவலாசிரியர்.
ஏற்காட்டில் ஒரு அறை பிடித்து எழுதுகிறார்,
பாதியைக் கீழே வரும் பஸ்ஸில்.
இருபது கொண்டை ஊசியும் குலுக்கிய கையெழுத்து
என்னைத் தவிர யாருக்கும் விளங்காது.
பதினோராம் வளைவில் செத்த கதாநாயகி
பதிமூன்றில் பிழைத்துக்கொண்டதும் உண்டு.

முதல் நாவலின் முதல் வரியை
'பார்வையில் கண்டுள்ள' என்று தொடங்கியிருந்தார்.
சிரித்தேன். அவரும் சிரித்தபடி
அந்தத் தாளைக் கிழித்தார்.

மூன்றாவது நாவல், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
ஐப்பசி மழையில் தாசில்தார்
மலை வளவுக்கு நடந்தே ஏறுகிறார்.
பலாமரத்தடியில் சடையன் கையில்
பட்டாவைக் கொடுத்து அழுகிறார்.
புல எண் 47/2பி.

அங்கே என் விரல் நின்றது.

சடையனை எனக்குத் தெரியும்.
ஏழு தடவை மலையிறங்கி வந்தான்.
ஒரு தடவை மஞ்சப்பையில் மிளகு.
சார் நேர்மையானவர்,
மிளகைத் திருப்பி அனுப்பினார்.
மனுவையும்.

அன்றைக்கு மழை இல்லை. சித்திரை.
மின்விசிறி ஓடவில்லை.
'ஏற்புடையதாக இல்லை என நிராகரிக்கப்படுகிறது.'
பச்சை மையில் கையெழுத்து.
அப்புறம் தட்டுவடை செட் வாங்கிவரச் சொன்னார்,
காரச் சட்னி கூடுதலாக.
எனக்கும் ஒரு செட். தின்றேன்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
மழையையும் அடித்துக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா, ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம்.
சால்வைகள், மைக் இரைச்சல்,
'ஈரமுள்ள அதிகாரி' என்று மூன்று பேர் பேசினார்கள்.
கையெழுத்து வாங்கும் வரிசையில் கடைசியாக
சடையனின் மகள் தீர்த்தாயி.
புத்தகத்தில் ஒரு பக்கம் மடித்திருந்தது.
புல எண்ணுக்குக் கீழே பென்சில் கோடு.

'இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.
பச்சையில.'

'பச்சை இல்லம்மா. ரிட்டயர் ஆயிட்டேன்.'

'அதுவும் நீங்க எழுதினது,
இதுவும் நீங்க எழுதினது.
அதை மட்டும் எல்லாரும் நம்புறாங்க.
இது கோர்ட்டுல செல்லாதுங்களா?'

கேலியா, நிஜமாகத்தான் கேட்டாளா
என்று இன்றுவரை தெரியவில்லை.
அவர் நீல மைப் பேனாவின் மூடியைத்
திறந்தார், மூடினார், திறந்தார்.
அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு
ஏற்காடு கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே
படியில் நின்றுகொண்டிருந்தார்.
'இரண்டாம் பதிப்புக்கு ஒரு திருத்தம், ரெஜினாம்மா.
மழையை எடுத்துடுங்க.
அந்த ஆணையைப் போடணும், அப்படியே.
நகல் என்கிட்ட இல்லை.'

எனக்கு நகல் தேவைப்படவில்லை.
ந.க. எண், நாள், பொருள், பார்வை,
விரல்களே போய்க்கொண்டிருந்தன.
கம்ப்யூட்டரில் புள்ளி
எழுத்தோடு சேர்ந்தே விழுந்தது.

படித்தார். சரி என்றார்.
'சரியில்லை சார்' என்றேன்.
இடது ஓரம், கடைசி வரிக்கும் கீழே,
தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள் இருக்கும்.
அந்த ஆணையில் இருந்தது.

சிறிய எழுத்தில் அடித்தேன்:
ரெ.மே.